ஒத்துக்காரனும் ஆட்டுத் தோலும்

மேளக் கூட்டத்தில் ஒத்து ஊதுகிறவனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு சுரம்: ஆதார சட்ஜம். நாதஸ்வரக்காரர் தோடியை விரித்துக்கொண்டு நாலு வீதியும் நடந்தாலும், தவில்காரர் இருவரும் தனியில் விடிய விடிய மோதிக்கொண்டாலும், அவன் அந்தச் சட்ஜத்தை விட்டு அசையக் கூடாது, நிறுத்தவும் கூடாது. ஊதிக்கொண்டிருக்கும் வரை ஒருவரும் அவனைக் கவனிப்பதில்லை. நின்றால் மட்டும் ஐயர் முதல் கச்சான் விற்கிறவர் வரை திரும்பிப் பார்ப்பார்கள். முள்ளியவளைப் பக்கத்தில் பிறந்த நான் மீசை முளைக்கும் முன்பே அந்த வேலைக்கு வந்தவன். நாதஸ்வரம் பழக வேண்டுமா, முதலில் ஒத்து ஊது; அது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஒத்தைப் பார்த்திராத தலைமுறை வந்துவிட்டதால் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. தூரத்தில் பார்த்தால் அதுவும் நாதஸ்வரம்தான். அதே மரக் குழல், அதே அணைசு, மேலே கெண்டை, கெண்டையில் சீவாளி. ஆனால் விரல் வைக்கத் துளை கிடையாது. அடிப்பக்கத்தில் சில துளைகள் உண்டு. அவற்றைத் தேன்மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்போம். சீவாளி என்பது கொறுக்கைத் தட்டையை அவித்து, உலர்த்தி, தட்டையாக்கிக் கட்டிய இரட்டை நாக்கு. பூவரசம் இலையைச் சுருட்டி நுனியை நசுக்கிப் பீப்பீ ஊதியிருப்பீர்கள். அதுவும் இரட்டை நாக்குத்தான். பப்பாசி இலைத் தண்டில் ஒரு பக்கம் கீறி நாக்கு எடுத்து ஊதினால் அது ஒற்றை நாக்கு. இந்த இரண்டையும் நினைவில் வைத்திருங்கள். உலகத்தில் உள்ள தோற்பை வாத்தியம் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றாலோ இரண்டாலுமோதான் பேசுகிறது.

மூச்சு விடாமல் ஊதுவது என்பது பொய். மூச்சு விடுகிறோம், கேட்பவருக்குத் தெரிவதில்லை. பெரியப்பா எனக்கு ஒரு செம்பில் தண்ணீரும் ஒரு பப்பாசித் தண்டும் தந்து, திண்ணையில் இருத்திவிட்டுப் போவார். தண்டால் ஊதினால் தண்ணீரில் குமிழி வரும். குமிழி நிற்கக் கூடாது. “கன்னத்திலை காத்தை வை. அதை மெல்ல மெல்ல விடு. அந்த நேரம் மூக்காலை இழு. நெஞ்சு செய்யிறது வாய்க்குத் தெரியக் கூடாது” என்பார். கன்னம்தான் எங்கள் பை. அதில் ஒரு நொடிக்கான காற்றுத்தான் பிடிக்கும், ஆனால் அந்த ஒரு நொடி போதும். வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்கு முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் இருந்து மடைப்பண்டம் எடுத்துப் போகிற இரவில், மணல் பாதையில், கூட்டத்துக்கு நடுவே நடந்துகொண்டே ஊத வேண்டும். நடையும் மூச்சும் கன்னமும் மூன்று கணக்கு. அங்கே ஊதித் தேறியவன் பிறகு எங்கேயும் ஊதலாம்.

மற்ற ஊர்களில் ஒத்து எண்பதுகளிலேயே கழன்றுவிட்டது. எழுபதுகளின் கடைசியில் பெங்களூரில் மின்னணுச் சுருதிப் பெட்டி செய்யத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டுக் கோயில்களிலும் கொழும்பிலும் பெட்டியை ஒலிபெருக்கிக்கு முன்னால் வைத்து விசையைத் தட்டிவிட்டால் ஓர் ஆளின் சம்பளம் மிச்சம். வன்னியில் மட்டும் ஒத்துக்காரன் இன்னும் பல வருடம் பிழைத்தான். காரணம் பக்தியோ பாரம்பரியமோ இல்லை, பற்றரி. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் வன்னிக்குள் வர முடியாத பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. மின்சாரம் கிடையாது. சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. யாரோ ஒருவர் சுருதிப் பெட்டியையும் டைனமோவில் பூட்டலாம் என்று யோசனை சொன்னார். சுற்றுவதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளே ஒத்து ஊதிவிட்டுப் போகலாமே என்று பெரியப்பா கேட்டார். அதோடு யோசனை முடிந்தது. கையால் அமுக்கும் பழைய துருத்திச் சுருதிப் பெட்டி சில வீடுகளில் இருந்தது. அது பாட்டுக்காரருக்குச் சரி. திறந்த வீதியில் இரண்டு தவிலுக்கு நடுவே அதன் சத்தம் எடுபடாது.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, கிளாலிக் கடல் தாண்டி வன்னிக்கு வந்தவர்களில் மேளக்காரரும் இருந்தார்கள். அளவெட்டி, இணுவில், சாவகச்சேரிப் பக்கத்து வித்துவான்களைத் திருவிழாவுக்கு ஆனையிறவு தாண்டிக் கூப்பிட்டு, மரியாதை செய்து அனுப்பிய எங்கள் ஊர்க் கோயில்களுக்கு, அவர்கள் திடீரென்று கொட்டில் போட்டு அயலில் இருக்கிறவர்களானார்கள். எனக்கு அது பெரிய பள்ளிக்கூடம். புளியம்பொக்கணையிலும் ஒட்டுசுட்டானிலும் அவர்கள் பின்னால் நின்று ஒத்து ஊதியே இராகம் கற்றேன். ஒத்துக்காரனுக்கு வேறு வேலை இல்லாததால் காது முழுவதும் சும்மா இருக்கும். சட்ஜத்தை நீ பிடித்துக்கொண்டிருக்கிறபோது மற்றச் சுரம் ஒவ்வொன்றும் அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் வந்து நிற்கிறது என்பது பல்லிலேயே தெரியும்.

2009இல் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் எங்கேயோ ஒத்தும் நாதஸ்வரமும் விடுபட்டன. மெனிக் பாம் முகாமில் யாரும் யாரிடமும் வாத்தியம் பற்றிக் கதைக்கவில்லை. ஊர் திரும்பி, கோயில்களுக்குக் கூரை போட்டு, கும்பாபிஷேகங்கள் தொடங்கியபோது மின்சாரமும் வந்திருந்தது. சுருதிப் பெட்டி வந்தது, பிறகு கைத்தொலைபேசியிலேயே சுருதி வந்தது. நான் நாதஸ்வரக்காரனானேன். ஒத்துக்காரன் இல்லாத நாதஸ்வரக்காரன்.

கோடை காலத்தில் ஐரோப்பியக் கோயில்களுக்கு ஈழத்து மேளக்காரர் போவது இப்போது வழமை. ஜெர்மனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் 2002இல் கும்பாபிஷேகம் கண்டது. தேருக்குப் பெருங்கூட்டம் வரும், தீர்த்தம் ஆடுவது கப்பல் ஓடும் கால்வாயில். அங்கே ஊதப் போயிருந்த ஒரு வருடம், வேலை இல்லாத நாளில், பக்கத்து ஊர்ச் சந்தை ஒன்றுக்குக் கூட்டிப் போனார்கள். பழங்கால உடுப்புப் போட்ட ஜெர்மன்காரர் ஒருவர் தோற்பை வாத்தியம் ஊதிக்கொண்டிருந்தார். ஸ்கொட்லாந்துச் சாமான் அல்ல. ஆட்டுத் தோல் வெளியில் தெரிய, தோளில் ஒரேயொரு நீளக் குழல் சாய்ந்திருந்த எளிய கருவி. என் காது நேரே அந்த நீளக் குழலுக்குத்தான் போனது. அது ஒத்து.

மேளக்காரன் என்று கூட வந்திருந்த என் மருமகன் சொன்னதும் அவர் ஊதுவாயைத் துடைத்துவிட்டுப் பையை என்னிடம் தந்தார். ஊதினேன். பை இறுகியது, அக்குளால் அமுக்கச் சொன்னார், சத்தம் பிறந்தது. பிறகு வாயை எடுத்தேன். சத்தம் நிற்கவில்லை. இதை எழுத்தில் விளங்கவைப்பது கடினம். சிறு வயது முதல் வாயை எடுத்தால் எல்லாம் முடிந்தது என்று பழகிய உடம்பு. இங்கே வாயை எடுத்து, சிரித்து, மருமகனிடம் “உது நிக்குதில்லையடா” என்று சொல்லியும் ஆயிற்று. சட்ஜம் தன்பாட்டில் நிற்கிறது. ஊதுகுழலின் அடியில் ஒரு தோல் மடல் இருக்கிறது, காற்று உள்ளே போகும், திரும்பி வராது. அவ்வளவுதான் தந்திரம். ஊதும்போது கையை இளக்க வேண்டும், மூச்சு இழுக்கும்போது கையை இறுக்க வேண்டும். நான் ஊதியபோது சுருதி ஏறி இறங்கி ஆடியது; அவர் ஊதியபோது ஆடவில்லை. நாங்கள் கன்னத்தில் செய்கிற கணக்கை அவர் அக்குளில் செய்கிறார்.

ஆனால் பாட்டுக் குழலில் விரல் வைத்ததும் எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். அன்றிரவு தொடங்கி இந்தப் பையின் ஊர் எது, பேர் எது என்று தேட ஆரம்பித்தேன். மருமகன் வாசித்து மொழிபெயர்த்தான்.

ஸ்கொட்லாந்து அதன் ஊர் அல்ல என்பதுதான் முதலில் தெரிந்தது. அந்த மலைநாட்டில் பைக்குத் தெளிவான பதிவு கிடைப்பது 15, 16ஆம் நூற்றாண்டுகளில். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே பை ஊதப்பட்டிருக்கிறது. அதற்கும் முன்னால், பையே இல்லாமல் இரட்டைக் குழல் ஊதியிருக்கிறார்கள். ஈராக்கின் ஊர் என்ற பழைய நகரத்து இடுகாட்டில், லியோனார்ட் வூலி 1920களில் தோண்டியபோது ஏறத்தாழ 4,500 ஆண்டு பழைய வெள்ளிக் குழல்கள் கிடைத்தன. இப்போது பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிரேக்கர் இரட்டைக் குழல் ஊதும்போது கன்னத்தைச் சுற்றித் தோல்வார் கட்டியிருப்பதைச் சாடிச் சித்திரங்களில் காணலாம். இத்தாலிக்குப் பக்கத்துச் சார்டீனியத் தீவில் மூன்று நாணல் குழலை வாயில் வைத்து ஊதுகிறவர்கள் இன்றும் உண்டு: இரண்டு பாட்டுக்கு, நீளமான ஒன்று ஆதாரத்துக்கு. பை இல்லை, எங்களைப் போலவே கன்னத்தால்தான். அதே தீவில் மூன்று குழல் ஊதுகிறவனின் சிறிய வெண்கலச் சிலை கிடைத்திருக்கிறது, கிறிஸ்துவுக்கு முந்தியது. அதைப் படத்தில் பார்த்தேன். கன்னம் தெரியவில்லை, ஆனால் நிற்கிற நிலை தெரிந்த நிலை.

இந்தக் கன்ன வேலையை ஆட்டுத் தோலிடம் முதலில் கொடுத்தவன் யாரோ ஓர் இடையனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வேண்டிய சாமான் எல்லாம் அவனிடம்தான் இருந்தது: ஆடு, நாணல், நேரம். ஆனால் எழுத்தில் முதலில் அகப்படுகிறவன் ஒரு சக்கரவர்த்தி. ரோம் எரியும்போது நீரோ பிடில் வாசித்தான் என்று படித்திருக்கிறோம். ரோம் எரிந்தது 64இல், பிடில் பிறந்தது 16ஆம் நூற்றாண்டில். அது நடக்கிற காரியமில்லை. சுவெட்டோனியஸ் எழுதிய வரலாற்றில், தன் ஆட்சி தப்பினால் வெற்றி விழாவில் தோற்பை வாத்தியக்காரனாக மேடையேறுவேன் என்று நீரோ கடைசிக் காலத்தில் நேர்ந்துகொண்டதாக வருகிறது. டியோ கிறிசோஸ்தம் என்ற கிரேக்கப் பேச்சாளர் சொல்வது எனக்கு இன்னும் பிடித்தது: வாயாலும் ஊதத் தெரிந்த, அக்குளில் பையை இடுக்கியும் ஊதத் தெரிந்த அரசன் ஒருவன் என்கிறார். வாயும் அக்குளும் என்று பிரித்துச் சொல்ல, ஊதுகிறவனைக் கிட்ட நின்று பார்த்த கண் வேண்டும்.

பிறகு பல நூற்றாண்டுக்குச் சான்று மெலிந்து போகிறது. 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அல்போன்சோ அரசர் தேவமாதாவுக்குத் தொகுப்பித்த பாடல் ஏடுகளின் ஓவியங்களில் பைக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோசர் எழுதிய கதையில், கன்ரபரிக் கோயிலுக்கு நடக்கிற யாத்திரிகரை ஊர் எல்லை வரை பை ஊதி வழிநடத்துகிறவன் ஒரு மாவு அரைக்கிறவன். கதிர்காமத்துக்கும் வற்றாப்பளைக்கும் நடந்த எங்களுக்கு அதில் விளங்காதது ஒன்றுமில்லை. கறுங்கடல் ஓரத் துருக்கி, பல்கேரியா, தூனிசியா, வளைகுடா, ஈரானின் புஷேர் என்று ஆடு மேய்கிற நாடெல்லாம் ஒவ்வொரு பை. துருக்கிக்காரரின் பையில் ஒத்தே கிடையாது. ஒட்டிக்கட்டிய இரண்டு பாட்டுக் குழல் மட்டும். ஐரோப்பாவில் ஒத்துக் குழல் பையில் ஏறியதைப் படங்களில் தெளிவாகப் பார்ப்பது அந்த 12, 13ஆம் நூற்றாண்டளவில்தான். அதாவது அங்கே பை முதலில் பாட்டுக்கு வந்தது, ஆதாரம் பிறகு வந்து தொற்றிக்கொண்டது. ஸ்கொட்லாந்தில் அது ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடியது.

இராணுவக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1746இல் ஜேம்ஸ் ரீட் என்ற பைக்காரரை யோர்க் நகரில் தூக்கிலிட்டார்கள். அவர் ஆயுதம் தூக்கவில்லை என்ற வாதத்துக்கு, பையே போர்க் கருவிதான் என்று நீதிமன்றம் பதில் சொன்னது. பிறகு அதே பை பிரித்தானியப் படைகளோடு இந்தியா வந்து, படை முகாமில் இருந்து கர்வாலிக் கலியாண வீடுகளுக்கு இறங்கியது. சியால்கோட்டில் இன்று உலகத்துக்கே செய்து விற்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அணிவகுப்பு வாத்தியத்தை யாரும் ரசித்துக் கேட்பதில்லை. அதற்கான காரணம் வாத்தியத்தில் இல்லை.

எனக்கு வேண்டியது படைக்கு முந்திய பை. அது இருந்தது, அதுவும் எங்கள் மொழிக்குள்ளேயே. துத்தி. 1891இல் தென்னிந்திய வாத்தியங்கள் பற்றிப் புத்தகம் போட்ட சி. ஆர். டே என்ற ஆங்கிலப் படை அதிகாரி அதைச் சுருதி உபாங்கம் என்ற பெயரில் விவரிக்கிறார்: ஆட்டுக்குட்டித் தோல், ஊத ஒரு சிறு குழல், ஒற்றை நாக்குக் கீறிய ஓர் ஆதாரக் குழல், துளையை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பது. பாட்டுக் குழல் கிடையாது. முகவீணைக்கும் கூத்துக்கும் சுருதி பிடிப்பது மட்டும் அதன் வேலை. ஐரோப்பியன் பார்த்துப் பாதிப் பை என்று நினைத்திருக்கலாம். ஜெர்மன் சந்தையில் எனக்கு வந்த ஏமாற்றத்துக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

நாதஸ்வரத்தில் சீவாளி உதட்டுக்குள் இருக்கிறது. உதட்டை இறுக்கினால் சுரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். தோடியின் காந்தாரத்தை விரல் மட்டும் கொண்டுவராது. உதடு இழுத்துக் கொண்டுவர வேண்டும். துத்துகாரம் தன்னகாரம் என்று நாக்கால் வெட்டி வெட்டிச் சுரத்தைப் பிரிப்பதும் அங்கேதான். பையில் நாக்கு மரக் கட்டைக்குள் ஒளிந்திருக்கிறது. உதடு தொட வழியில்லை, எச்சில் பட வழியில்லை. சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒரே சுரத்தை இரண்டு முறை ஊத வேண்டுமென்றால், நடுவில் வேறொரு சுரத்தை விரலால் மின்னலாகத் தட்டித்தான் பிரிக்க முடியும். ஸ்கொட்லாந்துக்காரர் அந்தக் குறையையே பெரிய கலையாக்கிவிட்டார்கள். விரல் தட்டுக்களுக்குச் சொற்கட்டு வைத்து வாயால் பாடிப் பழகுகிறார்கள். தவில் படிக்கிற பிள்ளை கேட்டால் உடனே பிடித்துக்கொள்ளும். அவர்கள் குழலில் ஒன்பது சுரம். ஒத்தைச் சட்ஜமாக வைத்து எண்ணிப் பார்த்தேன்: கைசிகி நிஷாதம், அந்தர காந்தாரம், சுத்த மத்திமம். ஹரிகாம்போதி. அந்தக் குழல் பிறந்த நாள் முதல் ஹரிகாம்போதியைத் தவிர வேறு மேளம் அறியாது என்றால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கக் கூடாது, ஒரு மேளத்துக்குள் அவர்கள் கட்டியிருப்பது சின்ன வீடல்ல.

தோல் தீட்டு என்பதால்தான் பை கோயிலுக்குள் வரவில்லை என்று சிலர் சொல்வார்கள். தவிலின் இரண்டு பக்கமும் வேறென்ன? என் கணக்கு வேறு. உதட்டை இழக்க எங்கள் ஆட்கள் சம்மதிக்கவில்லை. கமகம் வேண்டும் என்றவன் பாட்டைப் பையிடம் கொடுக்க மாட்டான். அசையாமல் நிற்பதற்கு உதடு தேவையில்லை. அதனால் ஆதாரத்தை மட்டும் பையிடம் கொடுத்தார்கள். பாம்பாட்டியின் மகுடி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: சுரைக்காய்க்குள் ஒளிந்த இரண்டு நாக்கு, ஒன்று பாட்டு, மற்றது ஒத்து, காற்று மட்டும் இன்னும் கன்னத்தில். துத்தியின் சத்தம் முகவீணைக்கு அளவானது. பெரிய நாதஸ்வரத்துக்கு முன்னால் அது எடுபடாது, சீவாளிக்குச் சீவாளிதான் ஈடு. அதனால் கோயில் வீதியில் பைக்குப் பதில் ஓர் ஆள் நின்றான்.

ஊருக்கு வந்ததும் துத்தி ஒன்று செய்து பார்த்தேன். குட்டித் தோலை வயிற்றில் கீறாமல் கழுத்துப் பக்கமாக உரிக்க வேண்டும். கால்கள்தான் குழல் பூட்டும் வாய். உப்பும் சாம்பலும் போட்டுப் பதப்படுத்தினேன். மனைவி அந்தக் கிழமை முழுவதும் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. மடலுக்குச் சைக்கிள் ரியூப் துண்டு. ஆதாரக் குழலுக்கு மெல்லிய மூங்கில். நாக்குக் கீறுவதுதான் கஷ்டம், தடித்தால் பேசாது, மெலிந்தால் கிறீச்சிடும். கட்டுக்களுக்கு மேலே தேன்மெழுகு. சத்தம் வந்தபோது வீட்டு நாய் எழும்பி வெளியே போனது.

எங்கள் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடுகிற அண்ணாவியார் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஆர்மோனியத்துக்கு ஆள் கிடைக்காமல் தொலைபேசிச் சுருதியை வைத்துப் பழக்கிக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக் கேட்டார். பிள்ளைகளை ஒரு விருத்தம் பாடச் சொன்னார். இரவு ஏற ஏறப் பனியில் பிள்ளைகளின் குரல் கொஞ்சம் இறங்கியது. நான் மெழுகைச் சற்றே நகர்த்திச் சுருதியை அவர்களிடம் இறக்கிக் கொடுத்தேன். பெட்டி வந்த பிறகு இந்த வேலை நின்றுபோயிருந்தது. வெயிலில் காய்ந்த குழல் ஒரு சுருதி, நள்ளிரவுக் குழல் இன்னொரு சுருதி. ஒத்துக்காரன் அதைக் கேட்டுக் கேட்டுத் தொடர்ந்து போவான். பெட்டிக்கு அது தெரியாது. நாங்கள்தான் கெண்டையில் சீவாளியை ஏற்றி இறக்கிப் பெட்டிக்குப் பணிந்து போகிறோம்.

“நல்லாத்தான் கிடக்கு. ஆனா மாரியிலை தோல் ஊறினா என்ன செய்யப் போறாய் தம்பி?” என்றார் அண்ணாவியார். உழவு மெசின் ரியூப்பை வெட்டி ஒட்டிப் பார் என்று யோசனையும் சொன்னார். பார்த்தேன். ரியூப் காற்றை நன்றாகப் பிடித்தது, ஆனால் வாயின் ஈரத்தை உறிஞ்சவில்லை. கொஞ்ச நேரத்தில் நாக்கில் தண்ணீர் கோத்துச் சத்தம் அடைத்துக்கொண்டது. ஸ்கொட்லாந்திலும் இப்போது கோர்டெக்ஸ் துணிப் பை வந்து, உள்ளே ஈரம் பிடிக்கத் தனியாகக் குப்பி பூட்டுகிறார்களாம். தோல் குடிக்கிற தண்ணீரை ரியூப் குடிக்காது. ஆகவே மீண்டும் ஆடுதான். அடுத்த குட்டியை வயிற்றில் கீறாமல் உரித்துத் தரும்படி இறைச்சிக் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படி உரிக்க நேரம் பிடிக்கும் என்று அவர் அதற்குத் தனிக் காசு கேட்கிறார்.